படுத்தபடி பார்த்த இரண்டாம் பாகம்

டி.வி. பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, தாங்களும் படுத்துக்கொண்டு சினிமா பார்த்தவர்கள் உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. பென்னலூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இருந்தார்கள். நானும் அதில் ஒருவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி இருக்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏறக்குறைய முப்பது பேர் இடது பக்கமாக ஒருக்களித்துத் தரையில் கிடக்கிறார்கள். பவுடர் வாசனை, மல்லிகை வாசனை, கூடவே சமையலறையிலிருந்து புளிசாதத்தின் பெருங்காய வாசனை. யாராவது அசைந்தால் புது வளையல் சத்தம்.

சுவரோரமாக ஒரு மரக்கட்டில். அதன் கால்மாட்டில் இரண்டு கால்களுக்கும் கீழே மும்மூன்று செங்கல். அதனால் கட்டில் தலைப்பக்கம் தாழ்ந்தும் கால்பக்கம் உயர்ந்தும் நிற்கிறது. அதில் என் மனைவி வேதவல்லி, ஏழு மாதக் கர்ப்பிணி, இடது பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அவள் கண்ணுக்கு நேராக, நெல் மூட்டைகளின் மேல், அவளைப் போலவே ஒருக்களித்துப் படுத்திருக்கிறது கலர் டி.வி.

“சார், சொல்றதக் கேளுங்க. பிக்சர் டியூப் பூடும்,” என்று வீடியோ டெக் வாடகைக்கு விடும் மாசிலாமணி கடைசி நிமிடம் வரை கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“அவளால உக்கார முடியாதுப்பா. டி.வி. படுக்கும். படுக்கட்டும்,” என்றாள் என் அம்மா. அம்மா அதட்டினால் எங்கள் ஊரில் மாடுகூட நின்றுவிடும். மாசிலாமணி பெட்டியைப் படுக்க வைத்தார்.

கேட்டது மாங்காய் இல்லை

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, பழைய நண்பர் ஒருவர் “வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் எழுதேன்” என்று கேட்டிருந்தார். வீட்டுச் சாப்பாடு என்றால் எனக்கு அந்த வருடம்தான் நினைவுக்கு வருகிறது. வேதா படுக்கையிலேயே சாப்பிட்ட வருடம் அது.

நான்காவது மாதத்திலேயே காஞ்சிபுரத்து டாக்டரம்மா சொல்லிவிட்டார். கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கிறது, தையல் போட்டிருக்கிறேன், பிரசவம் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, கட்டில் காலைத் தூக்கி வையுங்கள் என்று. அன்றிலிருந்து வேதாவுக்கு எங்கள் வீடு என்பது உத்தரமும் ஒரு ஜன்னலும்தான். ஓலைக் கீற்றில் எத்தனை முடிச்சு என்று கேட்டால் சொல்லுவாள்.

நான் ஷிப்ட் முடிந்து வரும்போது வாரப் பத்திரிகைகள் வாங்கி வருவேன். அதில் ஒன்றின் நடுவே ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. வாலாஜாபாத்தில் கடை வைத்திருந்த மாசிலாமணி, புதிதாக வந்த வீடியோ காசெட்டுகளின் பெயர்களைப் பச்சை மையில் அச்சடித்துப் பத்திரிகைக்குள் செருகி அனுப்புவார். அதில் நாலாவதாக ஒரு இங்கிலீஷ் படம். பறக்கிற மனிதனின் கதை, இரண்டாம் பாகம்.

வேதா அந்தக் காகிதத்தை இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

“இன்னாங்க, இந்தப் படத்தப் பாக்கணும்னு இருக்குது.”

வேறு எந்தப் படத்தைக் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பேன்.

காபியோடு வந்த அம்மா நின்றுவிட்டாள். “அந்தப் பறக்கறவன் படமா? அதப் பாக்கப் போயித்தான ஒண்ணத் தொலைச்சிட்டு வந்த? இப்ப ரெண்டாம் பாகம் கேக்குதா உனுக்கு?”

வேதா காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அன்று ஒரு விசேஷமும் இல்லை.

முதல் பாகம்

அந்த நாளுக்குச் சரியாக நாலு வருடம் முன்னால் நடந்ததைச் சொல்லாமல் இங்கே மேலே போக முடியாது. சொல்ல எனக்கு விருப்பமில்லை. விருப்பமில்லாததை எழுதத்தான் இந்தத் தொடரே என்று ஆரம்பத்தில் வீறாப்பாகச் சொல்லியிருக்கிறேன், ஆகவே எழுதுகிறேன்.

கல்யாணமாகி முதல் வருடம். வேதாவுக்கு ஐந்தாம் மாதம். மெட்ராசில் அந்தப் பறக்கிற மனிதன் படம் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனியில் லேத்து மெஷினுக்கு மெஷின் அதே பேச்சு. பகலில் கடிகாரம் பழுது பார்க்கிற ஒரு சாதாரண ஆள், இடி விழுந்து பறக்கிற சக்தி வந்துவிடுகிறது, வெள்ளிக் கையுறை மாட்டிக்கொண்டு ஆகாயத்தில் போகிறான். பார்க்காதவன் நான் ஒருவன்தான் என்கிற மாதிரி எனக்கு அரிப்பு.

வேதா வரமாட்டேன் என்றாள். கால் வீங்கியிருக்கிறது, பஸ்ஸில் குலுங்கும் என்றாள். அவளுக்குச் சினிமாவில் பெரிய ஆசையும் கிடையாது. நான் காலையெல்லாம் கெஞ்சினேன். தனியாகப் போனால் நன்றாக இருக்காது என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கடைசியில் எனக்காகப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மேட்னி ஷோ. படம் இன்னும் முடியவில்லை. மலைக்கும் மலைக்கும் நடுவே கம்பியில் போகிற ஒரு பெட்டி, உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள். கம்பி அறுந்துவிட்டது. பறக்கிறவன் அந்த அறுந்த முனையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான், பிள்ளைகள் கண்ணாடியில் கையை வைத்து அலறுகிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸை விட்டால் ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் ஊருக்கு வண்டி கிடைக்காது. “எழுந்திரு, எழுந்திரு” என்று அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தண்டலம் தாண்டும்போது வேதா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோனது. பையன் என்று சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வேதாவைத்தான் கேட்டாள். “வயித்துல வெச்சிகினு சினிமா கேக்குதா?” அன்று நான் வாயைத் திறந்து, “நான்தாம்மா இழுத்துகினு போனேன்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த மறுநாள் நாலு வருடமாக வரவில்லை. அம்மா நல்ல நாள், கெட்ட நாள் என்று பார்க்காமல் அதை எடுத்து எடுத்துப் பேசுவாள். வேதா ஒருமுறைகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் செய்த கோழைத்தனங்களில் இதுதான் பெரியது.

அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். காஞ்சிபுரத்து டாக்டரம்மா தையல் போட்ட அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “போன தடவையும் காரணம் இதுவாகத்தான் இருந்திருக்கும், பஸ்ஸும் இல்லை, படமும் இல்லை” என்றார். அதை வேதாவிடம் சொன்னேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைய கதையைக் கிளற வேண்டிவரும், அப்போது யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்ற பேச்சும் வரும் என்று எனக்குப் பயம்.

அம்மா இறங்கி வந்தது

வேதா படம் கேட்டதற்கு மறுநாள் காலை நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அம்மா டிபன் கேரியரை நீட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“அந்தக் காசெட்டுக்காரன இட்டாந்துடு.”

“இன்னாம்மா சொல்ற?”

“வாயும் வயிறுமா கீறவ வாய் விட்டுக் கேட்டுட்டா. இல்லன்னு சொன்னா பொறக்கற குயந்தைக்குக் காதுல சீழ் வடியும். என் கோவத்துக்குக் குயந்த இன்னா பண்ணும்? ஞாயித்துக்கெயம வளைகாப்ப வெச்சிக்கலாம். படுத்த வாக்குல வளையல் போட்டுட்டு, படத்தப் போட்டுக் காட்டிடு.”

எங்கள் பக்கத்தில் கர்ப்பிணி கேட்டதைக் கொடுக்காமல் விட மாட்டார்கள். நடு வெயிலில் நுங்கு கேட்டால் மரம் ஏறுவார்கள், பக்கத்து ஊர்க் கல்யாண வீட்டு வடையைக் கேட்டால் போய் வாங்கி வருவார்கள். ஆனால் வீடியோ காசெட் கேட்டவள் எங்கள் ஊரில் வேதா ஒருத்திதான்.

அது வீடியோ காய்ச்சல் அடித்த காலம். ஒரகடம் பக்கம் இன்றைக்கு இருக்கிற கம்பெனிகள் ஒன்றும் அப்போது கிடையாது, வேர்க்கடலைக் கொல்லையும் ஏரியும்தான். ஆனால் மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவானாலும் பந்தலுக்குச் சொல்லும்போதே டெக்குக்கும் சொல்லிவிடுவார்கள். டெக், டி.வி., மூன்று காசெட் ஒரு நாள் வாடகை. ஈடாக ரேஷன் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார் மாசிலாமணி. அவர் கடை மேஜையில் அரை தாலுகாவின் ரேஷன் கார்டு இருக்கும்.

நான் கேட்டபோது அவர் நெற்றியைச் சுருக்கினார். “இங்கிலீஷ் படமா வளைகாப்புக்கு? சாமி படம் ஒண்ணு கீது, எடுத்துகினு போங்க சார்.” நான் விஷயத்தைச் சொன்னதும், “அப்ப நானே வந்து கூட கூடக் கதை சொல்றேன்,” என்றார். அவருக்கு இங்கிலீஷ் எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஏழு கிணறு

இத்தனையும் ஆன பிறகு ஒரு சிக்கல். எங்கள் ஊர்க் கரண்ட். பயிருக்குத் தண்ணீர் பாய்கிற நேரத்தில் ஏழு கிணற்று மோட்டாரும் ஓடும். அப்போது குண்டு பல்பே சிவப்பாகத்தான் எரியும். அந்த வோல்டேஜில் டெக் சுற்றாது, சுற்றினாலும் காசெட்டின் நாடாவைக் கடித்துத் துப்பிவிடும் என்றார் மாசிலாமணி.

நான் கையை விரித்துவிட்டேன். அம்மா மாலையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னால் போனேன்.

ஒவ்வொரு கிணறாக நின்றாள். “என் மருமவ படம் பாக்கணும்ன்றா. ஞாயித்துக்கெயம காலையில மூணு மணி நேரம் மோட்டார நிறுத்தி வையி.” நாலு வருடமாகச் சினிமாவைத் திட்டிக்கொண்டிருந்தவள் வாயிலிருந்து இதைக் கேட்டுவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

ஏழாவது கிணறு கன்னியப்பனுடையது. அவரோடு வரப்புத் தகராறு. ஆறேழு வருடமாக எங்களுக்குள் பேச்சே கிடையாது, சாவுக்குக்கூடத் தனித்தனியாகத்தான் போவோம். அம்மா அவர் கிணற்று மேட்டில் ஏறி நின்றாள். முதல் முறையாக அவள் குரல் தாழ்ந்து நான் கேட்டேன்.

“கன்னியப்பா, எங்க மேல உனுக்குக் கோவம் இருக்கும். இருக்கட்டும். அது ஒரு தபா பறிகொடுத்த பொண்ணு. இந்தத் தபா அது மனசு நோவக் கூடாது.”

கன்னியப்பன் மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துப் போட்டார். “புள்ளத்தாச்சி கேட்டா நான் இன்னா பிசாசா? நிறுத்திக்கிறேன் போ. என் பொஞ்சாதியும் படம் பாக்க வருவா, வூட்டுக்குள்ள வுடுவியா?” என்றார்.

திரும்பி வரும்போது வரப்பில் அம்மா முன்னால் நடந்தாள். அவள் பாதத்தில் சேறு அப்பியிருந்தது. அப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “பாத்து வாம்மா, வழுக்குது,” என்றுதான் வந்தது.

இரண்டாம் பாகம்

ஞாயிற்றுக்கிழமை. வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் டி.வி. வந்தது. ஏழு பெண்கள் சேர்ந்து வேதாவுக்குப் படுத்த நிலையிலேயே வளையல் பூட்டினார்கள். கன்னத்தில் சந்தனம் தடவினார்கள். கன்னியப்பன் மனைவிதான் முதல் வளையலைப் போட்டாள்.

டி.வி.யைப் படுக்க வைத்தது அம்மாவின் யோசனை. உட்கார்ந்தவர்கள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வலி தாங்காமல் ஒவ்வொருவராகப் படுத்துவிட்டார்கள். அம்மா மட்டும் படுக்கவில்லை. “நான் சினிமா பாக்க வரல,” என்று கட்டிலின் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பக்கங்களை என் கிறுக்கலிலிருந்து படித்துத் தட்டச்சு செய்து தருபவள் என் மகள். அன்று வேதாவின் வயிற்றுக்குள் இருந்தவள். “டி.வி.ய படுக்க வெச்சா கலர் மாறிடுமேப்பா,” என்று இந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாள். மாறத்தான் செய்தது. திரையின் ஒரு மூலை முழுக்கப் பாசி படிந்த மாதிரிப் பச்சை.

மாசிலாமணி பட்டனை அமுக்கினார். முதலில் புள்ளி புள்ளியாக ஓடியது. பிறகு மலை. மலைக்கும் மலைக்கும் நடுவே கம்பி. கம்பியில் பெட்டி.

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் முதல் பாகத்தின் முடிவைக் கொஞ்சம் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. வேதாவுக்கும் தெரியாது.

“இது போன படத்தோட கடைசி. இவன் இன்னா பண்றான்னா...” என்று மாசிலாமணி ஆரம்பித்தார். பறக்கிறவன் கம்பியைப் பல்லில் கடித்து இழுத்து, பெட்டியைத் தோளில் வாங்கி, மெல்லக் கீழே புல்தரையில் கொண்டுவந்து வைத்தான். கதவு திறந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி ஓடி வந்தார்கள்.

“நிறுத்துங்க,” என்றாள் வேதா.

மாசிலாமணி பதறி நிறுத்தினார். எல்லாரும் வலி எடுத்துவிட்டது என்று நினைத்து எழுந்துவிட்டார்கள்.

“ஒண்ணுமில்ல. அந்த எடத்தத் திருப்பிப் போட முடியுமா அண்ணே?”

சினிமாக் கொட்டகையில் யாரும் இப்படிக் கேட்க முடியாது. காசெட்டில் முடியும். நாடா சரசரவென்று பின்னால் ஓடியது. பிள்ளைகள் பின்பக்கமாகவே ஓடிப் பெட்டிக்குள் ஏறினார்கள், பெட்டி மேலே போயிற்று. கூடத்தில் ஒரே சிரிப்பு. வேதா சிரிக்கவில்லை. மறுபடியும் பெட்டி இறங்கியது, கதவு திறந்தது. வேதா விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

“ஒம்பது,” என்றாள். “கொட்டாயில அன்னைக்கு எண்ணினேன். உள்ள ஒம்பது பேரு. எல்லாம் எறங்கிடுச்சா? இன்னொரு தபா போடுங்கண்ணே.”

அம்மாவின் விசிறி நின்றது. “எந்தப் புள்ளைங்கடி?”

“கம்பியில தொங்குச்சுங்களே அத்தை, அந்தப் புள்ளைங்க. அதுங்க எறங்கறதப் பாக்கறதுக்குள்ள எழுந்து வந்துட்டோம். அதுங்களுக்கு இன்னா ஆச்சுன்னு யாரக் கேக்கறது? கேட்டா சினிமாவப் பத்திப் பேசறான்னு ஆயிடும்.” எண்ணி மடக்கிய விரல்களை விரித்தாள். “நாலு வருசமா கண்ண மூடினா தொங்கிகினே இருந்துச்சுங்க அத்தை.”

மாசிலாமணி மறுபடியும் நாடாவைப் பின்னால் ஓட்டினார். அம்மா முக்காலியைத் தள்ளிவிட்டு, முட்டியில் கையூன்றி இறங்கி, கட்டிலை ஒட்டித் தரையில் இடது பக்கமாகப் படுத்தாள். இந்த முறை இரண்டு பேருமாக எண்ணினார்கள். ஒன்பது.

படம் முடிந்த பிறகு

மீதிக் கதை எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. மாசிலாமணி சொன்ன கதைக்கும் திரையில் நடந்ததற்கும் சம்பந்தம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தூரத்தில் ஒவ்வொரு மோட்டாராக ஓடத் தொடங்கியது. கூடத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும்.

இப்போது விட்டால் சாகும்வரை சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

“அம்மா, அன்னைக்கு இவ வரமாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் கெஞ்சி இழுத்துகினு போனேன். பஸ்ஸால ஆகலன்னு டாக்டரம்மா சொன்னதையும் உன்னாண்ட மறைச்சிட்டேன். தப்பு எல்லாம் என்னுது.”

வேதா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா தரையில் சிந்தியிருந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“டாக்டரம்மா சொன்னது தெரியாது. நீ இழுத்துகினு போனது தெரியும்டா.”

“தெரியுமா?”

“காலையில நீ கெஞ்சினது கொல்லையில இருந்த எனுக்குக் கேட்டுது. உன்னத் திட்டினா நீ சோறு தின்னாம பூடுவ. புள்ளையப் பறிகொடுத்துட்டு நீ நின்ன நெலமையில உன்னத் திட்ட எனுக்கு மனசு வரல. யாரையாவது திட்டணும் போல இருந்துது. இவளத் திட்டினேன்.”

அம்மா எழுந்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் இவ்வளவு சிறியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

“வேதா, என்ன ஒரு தபா திட்டிடுடி. நல்லாத் திட்டிடு.”

வேதா கண்ணைத் திறந்தாள். வேண்டாம் அத்தை, விடுங்க என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் அப்படிப்பட்டவள் என்றுதான் நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் திட்டினாள். சந்தனம் காய்ந்த கன்னத்தில் கண்ணீர் ஒரு பக்கமாகவே வழிய, படுத்தபடி, அம்மாவை நீ என்று ஒருமையில் திட்டினாள். எந்தப் பொங்கலன்று என்ன சொன்னாய், யார் கல்யாணத்தில் யார் முன்னால் சொன்னாய், பிள்ளையைப் புதைத்த இடத்தைக்கூட எனக்கு ஏன் காட்டவில்லை என்று ஒன்று விடாமல் கேட்டாள். அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி ஒவ்வொன்றுக்கும் “ஆமாண்டி, ஆமாண்டி” என்றாள். கடைசியில் வேதா மூச்சு வாங்க நிறுத்தியபோது, அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

தண்ணீர் குடித்து முடித்ததும் வேதா என் பக்கம் திரும்பினாள். அடுத்த திட்டு எனக்கு என்று தெரிந்து, நான் கட்டிலுக்கு அருகில் போய் உட்கார்ந்துகொண்டேன்.